பதில் புத்தகத்தில் இல்லாத கேள்வி: வேதியியல் வகுப்பில் பிள்ளைகளைச் சிந்திக்க வைப்பது எப்படி?

பென்னாகரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர் கேட்டிருக்கிறார்: "பிளஸ் டூ பிள்ளைகள் பாடத்தின் பின்னால் உள்ள வினாக்களுக்கு வரி மாறாமல் பதில் எழுதுகிறார்கள். அதையே கொஞ்சம் திருப்பிக் கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். உயர்நிலைச் சிந்தனைத் திறனை வளர்க்கச் சொல்கிறார்கள். ஆய்வகத்தில் பொருள் குறைவு, போர்ஷன் முடிக்கவே நேரம் போதவில்லை. இதற்கு நடுவில் எப்படி வளர்ப்பது?"

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டப் பள்ளிகளிலும் இந்தப் பாடத்தை நீண்டகாலம் எடுத்தவன் என்ற முறையில் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், மனப்பாடத்தைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956-ல் வகுத்து, 2001-ல் திருத்தப்பட்ட சிந்தனையின் அந்த ஆறு நிலைகளை பி.எட். படிக்கும்போதே பார்த்திருப்பீர்கள்: நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். இதைப் படித்துவிட்டு நினைவுகூர்தல் ஏதோ கீழான வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. சல்பேட்டின் மின்சுமை தெரியாத பிள்ளை எதைப் பகுத்தாயும்? நம் பொதுத்தேர்வின் 70 மதிப்பெண் எழுத்துத் தாளில் பெரும்பகுதி நினைவைத்தான் கேட்கிறது. அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் இந்தப் பிள்ளைகள் கல்லூரி வாசலுக்குப் போகிறார்கள். ஆகவே படிக்க வேண்டியதைப் படிக்கட்டும். நம் வேலை, அப்படிப் படித்ததற்கு ஒரு வேலை கொடுப்பது.

அந்த வேலையைக் கொடுப்பது கேள்விதான். கேள்வி தயாரிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: பதில் புத்தகத்தில் இருக்கக் கூடாது, ஆனால் பதிலுக்கு வேண்டிய சரக்கு முழுவதும் புத்தகத்தில் இருக்க வேண்டும். முதல் பாதி இல்லையென்றால் அது ஒப்பித்தல். இரண்டாவது பாதி இல்லையென்றால் அது பிள்ளையைத் திணறடிக்கும் புதிர், அவ்வளவுதான். 'கடினமான கேள்வி' என்று பலர் கேட்பது இந்த இரண்டாவது வகை. நுழைவுத் தேர்வுப் புத்தகத்திலிருந்து நீளமான கணக்கை எடுத்துப் போட்டால் அது சிந்தனை ஆகிவிடாது. சூத்திரம் தெரிந்தவன் போடுவான், தெரியாதவன் விழிப்பான்.

நம் ஊரில் இதற்குச் சரக்கு கொட்டிக் கிடக்கிறது. ஒன்றை முழுதாகவே செய்து காட்டுகிறேன்.

அயனிச் சமநிலைப் பாடத்தில் கரைதிறன் பெருக்கம் (ஓர் உப்பின் அயனிகள் நீரில் எவ்வளவு வரை கரைந்திருக்க முடியும் என்று சொல்லும் மாறிலி) வருகிறது. வழக்கமாக என்ன செய்வோம்? கால்சியம் ஃப்ளூரைடின் மதிப்பைக் கொடுத்து கரைதிறனைக் கண்டுபிடிக்கச் சொல்வோம். பிள்ளைகளும் போட்டுவிடுவார்கள். ஆனால் அதே வகுப்பில் நாலைந்து பேர் பல்லில் பழுப்புக் கறையோடு உட்கார்ந்திருப்பார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கும் இந்தக் கறையும் ஒரே விஷயம் என்பது மட்டும் வகுப்பில் பேசப்படுவதில்லை. (யாருடைய பல்லையும் சுட்டிக்காட்டிப் பேசாதீர்கள். அந்த வயதில் அது பெரிய வலி.)

கேள்வியை இப்படிப் போடுங்கள்: "இரண்டு போர்வெல். ஒன்றில் தண்ணீர் உப்புக் கரிக்காமல் குடிக்க நன்றாக இருக்கும், சோப்பும் நன்றாக நுரைக்கும். லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் கால்சியம். இன்னொன்று கடின நீர், 200 மில்லிகிராம் கால்சியம். இரண்டுமே ஃப்ளூரைடு உள்ள பாறை வழியாக வருகின்றன. எதில் ஃப்ளூரைடு அதிகம் இருக்க முடியும்?" கணக்குப் போடும் முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தையும் காரணத்தையும் நோட்டில் எழுத வேண்டும். பெரும்பாலும் கடின நீரைத்தான் எழுதுவார்கள். உப்புத் தண்ணீர் கெட்ட தண்ணீர், அதனால் கெட்டது எல்லாம் அதில்தான் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

இப்போது போடச் சொல்லுங்கள். கரைதிறன் பெருக்கம் 3.9 × 10⁻¹¹ என்று எடுத்துக்கொள்வோம். 20 மில்லிகிராம் கால்சியம் என்பது லிட்டருக்கு 5 × 10⁻⁴ மோல். ஃப்ளூரைடு அதிகபட்சம் 2.8 × 10⁻⁴ மோல், அதாவது சுமார் 5.3 மில்லிகிராம். கடின நீரில் கால்சியம் 5 × 10⁻³ மோல். ஃப்ளூரைடு சுமார் 1.7 மில்லிகிராமுக்கு மேல் தங்க முடியாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கதாக வைத்திருப்பது 1 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் அனுமதிப்பது 1.5. ஆக, வாய்க்கு நன்றாக இருக்கும் தண்ணீரில்தான் ஆபத்து அதிகம் இருக்க முடிகிறது. பொது அயனி விளைவு (கால்சியம் ஏற்கனவே அதிகம் இருந்தால் ஃப்ளூரைடு குறைவாகவே கரைந்திருக்க முடியும்) என்று மூன்று மதிப்பெண்ணுக்குப் படித்ததுதான் இங்கே வேலை செய்கிறது. அந்த நேரத்தில் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

இதோடு விடாதீர்கள். பிள்ளைகளில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அப்போ தண்ணியில சுண்ணாம்பு போட்டுட்டா போதுமா சார்?" அருமையான கேள்வி. பதில் சொல்லாமல் அவர்களிடமே திருப்பி விடுங்கள். ஃப்ளூரைடை 1.5-க்குக் கொண்டுவர எவ்வளவு கால்சியம் வேண்டும்? கணக்கு 250 மில்லிகிராம் என்று வரும். ஆனால் குடிநீரில் கால்சியத்துக்கு 75 ஏற்கத்தக்கது, 200 வரைதான் அனுமதி. சுண்ணாம்பு மட்டும் போட்டால் ஒரு வரம்பைக் காப்பாற்ற இன்னொரு வரம்பு உடைகிறது. தண்ணீர் காரமாவது தனி. அங்கேதான் நல்கொண்டா முறை வரும். நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அந்த முறையில் சுண்ணாம்போடு படிகாரமும் சேர்ப்பார்கள். உருவாகும் அலுமினியம் ஹைட்ராக்சைடு திரள்கள் ஃப்ளூரைடைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். அது ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் புறப்பரப்பு வேதியியல் பாடம் தானாகத் திறக்கும்.

அப்புறம், "காய்ச்சிக் குடித்தால் போகுமா?" என்பது. கிருமிக்குச் சொன்னதை எல்லாவற்றுக்கும் நீட்டிக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி ஃப்ளூரைடின் செறிவு கூடத்தான் செய்யும். நன்றாக யோசிக்கிற பிள்ளை இன்னும் ஒரு படி போகும்: பைகார்பனேட் உள்ள தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கால்சியம் கார்பனேட்டாக வெளியேறிவிடுமே, ஃப்ளூரைடைக் கட்டுப்படுத்துவதும் போய்விடுமே என்று. கடைசியாக மதிப்பிடுதல் வகைக் கேள்வி: ஜப்பான் நிதியுதவியோடு கட்டி 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீரை இவ்வளவு தூரம் கொண்டுவருவது சரியா, ஊருக்கு ஊர் படிகார முறை வைப்பது சரியா? தினமும் அளவு பார்த்துப் போடுவது யார், அடியில் படியும் சேற்றை எங்கே கொட்டுவது, தண்ணீரில் அலுமினியம் மிஞ்சாதா என்றெல்லாம் அவர்களே அடுக்குவார்கள். இதற்கு ஒரே சரியான பதில் இல்லை என்பதை அவர்களிடம் சொல்லியே விடுங்கள்.

கணக்கு முடிந்ததும் நான் தவறாமல் கேட்கும் இன்னொன்று: "இந்தக் கணக்கில் நாம் எதையெல்லாம் இல்லை என்று வைத்துக்கொண்டோம்?" கிணற்று நீரில் மற்ற அயனிகள் இருக்கின்றன, நீர் பாறையோடு சமநிலைக்கு வந்திருக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. தன் விடையின் எல்லையைத் தானே சொல்லத் தெரிந்த பிள்ளை வேதியியலில் எங்கும் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு பாடம், உலோகவியல். எந்த உலோக ஆக்சைடை எந்த வெப்பநிலையில் எதை வைத்து ஒடுக்கி உலோகம் எடுக்கலாம் என்று காட்டும் எலிங்கம் வரைபடத்தைப் பிள்ளைகள் கோலம் போடுவது போல வரைந்து பழகியிருப்பார்கள். எதற்கென்று கேட்டால் தெரியாது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். அதை வைத்துக் கேளுங்கள்: "நாலாயிரம் ஆண்டுக்கு முன் கரியை வைத்து இந்த மண்ணில் இரும்பு எடுத்தார்கள். பூமியின் மேலோட்டில் இரும்பைவிட அலுமினியம் அதிகம். அதே கரி, அதே உலை. 1886-ல் மின்னாற்பகுப்பு வரும்வரை அலுமினியம் ஏன் மலிவாகக் கிடைக்கவில்லை?" உடனே வரும் பதில், "அதோட உருகுநிலை அதிகம் சார்." மறுக்காமல் அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள். அலுமினியம் 660 டிகிரி, இரும்பு 1538. காரணம் தலைகீழாக விழுந்துவிட்டது. அதன் பிறகுதான் பிள்ளை வரைபடத்துக்குள் போய், கார்பன் கோடு அலுமினியம் ஆக்சைடு கோட்டை 2000 டிகிரிக்கு மேல்தான் வெட்டுகிறது என்பதைத் தானாகக் கண்டுபிடிக்கும். நீங்கள் கரும்பலகையில் சொல்லியிருந்தால் அது இன்னொரு குறிப்பாக நோட்டில் போயிருக்கும்.

ஆய்வகத்துக்கு வருவோம். பொருள் குறைவு என்கிறீர்கள். தரம் பார்த்தல் (டைட்ரேஷன்: செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொரு கரைசலின் செறிவைக் காண்பது) மட்டும் எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. அதில் பிள்ளைகள் செய்வது என்ன? நிறம் மாறியதும் அளவைக் குறித்து, பக்கத்துக்காரன் அளவோடு ஒத்துப்போகிறதா என்று எட்டிப் பார்ப்பது. அதே நேரத்தில், அதே கண்ணாடிச் சாமான்களோடு இதைக் கேட்கலாம்: "பியூரெட்டைத் தண்ணீரில் கழுவிவிட்டு, கரைசலால் அலசாமல் நிரப்பினால் அளவு கூடுமா, குறையுமா? பிப்பெட்டில் அப்படிச் செய்தால்? கூம்புக் குடுவையில் தண்ணீர் மிச்சம் இருந்தால்?" ஒரு வகுப்பில் நடந்த பேச்சு அப்படியே நினைவிருக்கிறது.

"மூணுலயும் தண்ணி கலந்துடும், மூணுமே தப்புதான் சார்" என்றான் ஒருவன்.

பின்னாலிருந்து ஒரு பெண், "குடுவையில இருந்தா பரவால்ல டா. பிப்பெட்ல எடுத்த இருபது மில்லிக்குள்ள எத்தனை மோல் இருக்கோ அது மாறாதில்ல? தண்ணி ஊத்தினா மோல் கூடுமா?"

"அப்போ பிப்பெட்ல?"

"அங்க எடுக்கிறப்பவே நீர்த்துப் போயிடுதே. மோல் கொறஞ்சிடும். அளவு கம்மியா வரும்."

செறிவுக்கும் மோல் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை நான் பாடமாகச் சொன்னபோது புரியாத பையனுக்கு அன்று புரிந்தது. அடுத்த வாரம் ஒரு படி மேலே: ஃபெரஸ் (இரும்பு) உப்பைப் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கையில் கந்தக அமிலம் தீர்ந்துவிட்டது, ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, நைட்ரிக் அமிலம் இருக்கிறது. எதை ஊற்றலாம்? கூடாது என்பதோடு நிறுத்தாமல், ஊற்றினால் அளவு எந்தப் பக்கம் பிசகும் என்று கேளுங்கள். குளோரைடு பெர்மாங்கனேட்டைத் தின்றுவிடும், அளவு கூடும். நைட்ரிக் அமிலம் தானே ஆக்சிஜனேற்றி, ஃபெரஸில் கொஞ்சத்தை அது முடித்துவிடும், அளவு குறையும். திசையைச் சொல்லத் தெரிந்தால் புரிந்துவிட்டது என்று நம்பலாம்.

செலவே இல்லாத சோதனையும் உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைகளில் துண்டுக் கல் சும்மா கிடைக்கும். ஒரு கிரானைட் துண்டு, ஒரு பளிங்குத் துண்டு, வயலில் கிடக்கும் சுண்ணாம்புக் கற்கள், கொஞ்சம் நீர்த்த அமிலம். முதலில் ஊகம், அப்புறம் சோதனை, அப்புறம் விளக்கம். இந்த வரிசை மாறக்கூடாது. எழுதி வைத்த ஊகம் பொய்க்கும்போதுதான் மனம் காரணம் தேடும்; பார்த்துவிட்டு எழுதினால் எல்லோரும் 'எனக்கு முன்னாலேயே தெரியும்' என்பார்கள். ஒருமுறை ஒரு குழுவின் கிரானைட் துண்டும் நுரைத்தது. 'கிரானைட்டிலும் கார்பனேட் உண்டு' என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். கல்லைத் திருப்பிப் பார்த்தால் ஓர் ஓரத்தில் பழைய சிமென்ட் பூச்சு. நான் எதுவும் சொல்லாமல், "எந்த இடத்தில் நுரைத்தது என்று காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டேன். அவர்களாகவே பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சான்று உண்மையில் எதற்குச் சான்று என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.

மாம்பழ சீசனில் வேறு வேலை இருக்கிறது. 'தண்ணீரில் போட்டால் மிதக்கிற மாம்பழம் கார்பைடு கல் வைத்தது' என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் சுற்றும். இதைச் சோதிக்க ஒரு வழி சொல்லுங்கள் என்று விடுங்கள். கார்பைடை யாரும் தொட வேண்டாம். 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி அதை வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது, அதில் கலந்திருக்கும் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் விஷம். வைக்கோலில் பழுத்த பழம் ஒன்று மிதந்தாலே அந்தச் சோதனை செல்லாது என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். மிதப்பது அடர்த்தியைப் பொறுத்தது. முற்றாமல் பறித்த காய் மிதக்கும், நன்றாக முற்றியது மூழ்கும். அப்படியானால் மிதக்கும் பழம் உண்மையில் எதைச் சொல்கிறது என்று அடுத்த கேள்வி தானாக வரும்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டோன் சொன்ன ஒன்றையும் மனதில் வையுங்கள். வேதியியல் மூன்று தளத்தில் நடக்கிறது: கண்ணால் பார்ப்பது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள், காகிதத்தில் எழுதும் குறியீடு. நாம் மூன்றிலும் தாவித் தாவிப் பேசுகிறோம். பிள்ளை மூன்றாவதில் மட்டும் நிற்கிறது. கொதிக்கும் தண்ணீரில் எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று படம் வரையச் சொல்லிப் பாருங்கள். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தனித்தனியாக வரைபவர்கள் நன்றாக மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகளிலும் இருப்பார்கள். "அப்படியென்றால் அடுப்புப் பக்கத்தில் ஹைட்ரஜன் வந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால் போதும், அழிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் காட்டியது இது: ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். செய்து பாருங்கள், முதலில் நமக்குத்தான் அந்த மௌனம் தாங்காது.

குழுவாகப் பேசும்போது வீட்டு மொழியில் பேசட்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் ஏராளம். யோசனை எந்த மொழியில் ஓடுகிறதோ அதில் ஓடட்டும். எழுதும்போது பாடமொழிக்கு வந்தால் போதும். அதேபோல் இதெல்லாம் முதல் பெஞ்சுக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள். பாலக்கோடு பக்கம் கரும்பு வைத்திருக்கும் வீட்டுப் பையன் தேர்வில் சுமாராக இருக்கலாம். ஆனால் வெட்டி நாள்கணக்கில் கிடந்த கரும்பின் பாகு சரியாகக் கட்டி பிடிக்காது என்று அவனுக்குத்தான் தெரியும். வினை வேகவியலில் வரும் சர்க்கரையின் எதிர்மாற்றத்துக்கும் (அமிலத்தில் அது குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைவதற்கும்) சாற்றில் சுண்ணாம்பு சேர்ப்பதற்கும் என்ன தொடர்பு என்று அவனைக் கேட்டால், அன்றைக்கு வகுப்பு அவன் கையில்.

நேரம் பற்றி. எல்லாப் பாடத்திலும் இதைச் செய்யப் போனால் போர்ஷன் நிச்சயம் நிற்கும். பி தொகுதித் தனிமங்கள் போன்ற பாடங்களைப் படிக்க வைத்துக் கடந்துவிடுங்கள். உலோகவியல், வினை வேகவியல், அயனிச் சமநிலை, மின்வேதியியல், புறப்பரப்பு வேதியியல் இந்த ஐந்திலும் வாரத்துக்கு ஒரு கேள்வி, பதினைந்து இருபது நிமிடம் போதும்.

ஆனால் மதிப்பெண் இல்லாத எதையும் நம் பிள்ளைகள் நம்புவதில்லை. அது அவர்கள் குற்றமில்லை, நாம் பழக்கியது. அதனால் ஒவ்வோர் அலகுத் தேர்விலும் இந்த வகைக் கேள்வி ஒன்று, ஐந்து மதிப்பெண்ணுக்கு, கட்டாயம் இருக்கட்டும். முடிவுக்கு ஒன்று, சான்றுக்கு இரண்டு, சான்றையும் முடிவையும் இணைக்கும் காரணத்துக்கு இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். முடிவு தவறி, காரணம் ஒழுங்காக இருந்தால் நான்கு கொடுங்கள். சரியான முடிவை வெறுமனே எழுதியிருந்தால் ஒன்று. முதல் தேர்வில் முதல் மதிப்பெண் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்து, நான்கு வாங்கியவனின் பதிலை வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் பருவத்தில் கேள்வி தயாரிக்கும் வேலையையும் அவர்களிடம் கொடுங்கள். நான் மேலே சொன்ன அதே அளவுகோல்தான். பிள்ளைகள் எழுதும் கேள்வியைப் பார்த்தால் பாடம் எங்கே ஏறியிருக்கிறது, எங்கே ஏறவில்லை என்பது வேறெந்தத் தேர்வையும்விடத் தெளிவாகத் தெரியும்.

தொடங்குவதானால் தண்ணீரிலிருந்தே தொடங்குங்கள், பென்னாகரத்தில் அதைவிடப் பொருத்தமானது இல்லை. பிள்ளைகள் ஊரின் கிணற்று நீருக்கான பரிசோதனை அறிக்கை குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் வழியாகவோ ஊராட்சியிலோ கிடைக்குமா என்று முயன்று பாருங்கள். உண்மையான எண்ணோடு கணக்குப் போட்டால் ஆர்வமே வேறு. ஒன்று மட்டும் கவனியுங்கள். அறிக்கையில் கால்சியம் கால்சியமாகவே தரப்பட்டிருக்கிறதா, கால்சியம் கார்பனேட் அளவில் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் 0.4-ஆல் பெருக்கிவிட்டுக் கணக்கில் போட வேண்டும். ஏன் 0.4 என்பதையும் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.